கோடைக் கிணறும் கொல்லைத் தோட்டமும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்யப்பட்ட பிரசங்கம்)

 

கொல்லையில் காய்கறி பயிரிட வேண்டும் என்று எடுத்துச் சொல்வதற்கு ஒரு பிரசங்கம் அவசியமில்லை. அதன் பிரயோஜனத்தை யாவரும் அறிவர். ஆடி மாதத்தில் நாலு தூற்றல் விழுந்தவுடன் கொல்லையைக் கொத்தி அவரையும் வெண்டையும் ஊன்றாத வீடு கிராமத்தில் அபூர்வமே. தை மாதத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் பந்தலில் அவரையும், கூரையில் சுரையும், பாத்தியில் கத்தரியும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக நிற்பதைப் பார்க்கலாம். அதே தெருவில் வைகாசி மாதத்தில் நடப்பவருக்கோ, காய்ந்த பந்தற்காலும், வெடித்த பாத்தியும், ஆடு மேய்ந்த தண்டுமே தென்படும். ஏழெட்டு மாதம் பாடுபட்டு வளர்த்தது, பச்சைக்காய் மிகவும் அருமையாயிருக்கும் மூன்று மாதங்களில் கைவிட்டுவிடுகிறது. அப்பொழுது சந்தையில் வாங்க வழியில்லாத குடும்பத்தார் புளியும் மிளகாயுமாகக் காலந்தள்ளுகின்றனர். இன்று ஆலோசிக்க வேண்டியது இந்தச் சித்திரை வைகாசி நஷ்டம் ஒன்றைப் பற்றித்தான்.

இதற்குக் காரணம் பூச்சி என்பார் சிலர். விதைக் குற்றம் என்பார் சிலர். அண்டை வீட்டார் கண்ணேறு என்பாரும் உண்டு. இவற்றுள் முதலிரண்டும் ஓரளவு மெய்யே. ஆனால் பெரும்பாலான கொல்லைகளில் உண்மையான காரணம் வேறு. தோட்டத்தின் அளவு மார்கழிக் கிணற்றைப் பார்த்து நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது; அதைக் காப்பாற்ற வேண்டியதோ சித்திரைக் கிணறு. தமிழ்நாட்டில் சராசரியாக ஓராண்டில் பெய்யும் சுமார் 92 சென்டிமீட்டர் மழையில் ஏறக்குறைய பாதி, ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அப்பொழுது கைக்கெட்டும் நீரைக் கண்டு பத்து சென்ட் நிலத்தைப் பாத்தி கட்டுகிறவர், பங்குனியில் அதே கிணற்றில் அடிமண் தெரிவதைக் கண்டு திகைக்கிறார்.

ஏற்றமும் கவலையும் இறைத்த காலத்தில் இந்தத் தவறு இவ்வளவு எளிதில் நேரவில்லை. ஒவ்வொரு சாலுக்கும் ஆளும் மாடும் களைத்ததால், எவ்வளவு நிலத்துக்குத் தண்ணீர் கட்டும் என்பதை உடம்பே கணக்குச் சொல்லிற்று. மின்சார மோட்டார் வந்தபின் அந்தக் கணக்கு மறைந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் நீர் பாய்கிறது. நின்றுபோகிற தினத்தில்தான் கிணறு வற்றியது தெரிகிறது. மோட்டாரைக் குறை கூறுவது இங்கே நோக்கமன்று. உடம்பு சொல்லிவந்த கணக்கை இனிப் பென்சிலும் காகிதமும் கொண்டு போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதே விஷயம்.

அந்தக் கணக்கு கடினமானதன்று. உட்பிரதேசங்களில் சித்திரை வெயிலில், இலை மூடிய பாத்தியிலிருந்து ஒரு நாளில் ஏறக்குறைய கால் அங்குல உயரமுள்ள ஜலம் ஆவியாய்ப் போகிறதென்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சென்ட் என்பது சுமார் 435 சதுர அடி. அதன்மேல் கால் அங்குலம் நிறுத்துவதற்கு 260 லிட்டர் ஜலம் வேண்டும். பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடத்தால் எண்ணினால் பதினேழு குடத்துக்குமேல் ஆகிறது. ஐந்து சென்டுக்கு 86 குடம். இவ்வளவையும் தினந்தோறும் இடுப்பில் சுமப்பவர் யார் என்று அந்தந்த வீட்டார் நினைத்துப் பார்க்கட்டும். தோட்டம் போட்டவர் பெரும்பாலும் ஆண்மகன். கோடையில் அதற்குக் குடம் சுமப்பவர் வீட்டுப் பெண்மக்கள். பந்தல் காய்ந்தபின் சோம்பேறித்தனம் என்று அவர்கள்மேல் பழி போடுவது நியாயமாகாது.

கிணறு எவ்வளவு கொடுக்கும் என்பதையும் அளந்துவிடலாம். சித்திரை மாதக் கடைசியில் ஒரு நாள் மாலை, கிணற்றை வழக்கம்போல் இறைத்து நிறுத்தியபின், கல் கட்டிய கயிற்றை விட்டு நீர்மட்டத்தில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். மறுநாள் விடியற்காலையில், யாரும் ஒரு குடங்கூட எடுக்குமுன், மறுபடி அளந்து, எத்தனை அங்குலம் ஏறியிருக்கிறதென்று பார்க்க வேண்டும். வட்டக் கிணறாயின், அதன் விட்டத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை 1.85 ஆல் பெருக்கினால், ஓர் அங்குல ஏற்றத்துக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். பத்தடி விட்டமுள்ள கிணற்றில் ஓர் அங்குலத்துக்கு 185 லிட்டர். இரவில் எட்டு அங்குலம் ஏறினால் 1,480 லிட்டர்.

இதில் முதற்பங்கு மனிதருக்கும் மாட்டுக்கும் உரியது. 2019-ல் தொடங்கிய ஜல ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டுச் செலவுக்கும் இதே கிணற்றை நம்பியிருக்கும் ஐவருள்ள குடும்பத்துக்கு 275 லிட்டர். இரண்டு உருப்படி மாடு கோடையில் குடிப்பது நூறு லிட்டருக்குக் குறையாது. இவை போக மீதி ஏறக்குறைய 1,100 லிட்டர். அதாவது நாலு சென்ட் பாத்திக்கு உரிய ஜலம். மழை வருமுன் ஊற்று இன்னும் தளரக்கூடுமாதலால், இதிலும் மூன்றிலொரு பங்கைத் தள்ளிவிடுவது விவேகம். ஆக, இந்தக் கிணற்றை உடையவர் கோடையில் இரண்டரை அல்லது மூன்று சென்டுக்கு மேல் காய்கறி வைத்துக்கொள்ளலாகாது. ஐப்பசியில் பத்து சென்ட் போடட்டும், தடையில்லை. பங்குனி பிறக்குமுன் மூன்று சென்டுக்குச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் பயிரிடும்போதே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சுருக்குவதற்கு ஏற்றவாறே பயிர்களை இடம் பார்த்து வைக்க வேண்டும். தை மாசியோடு காய்த்து ஓய்கிற அவரை, வெண்டை முதலியவை தொலைவிலும், கோடையிலும் நிற்க வேண்டிய கத்தரி, மிளகாய், கீரைகள் கிணற்றுக்கும் வீட்டுக்கும் அருகிலும் இருந்தால், கைவிட வேண்டிய பாகம் தானாகவே ஓரத்தில் அமைந்துவிடும்.

கிணறே இல்லாத அங்கத்தினர் இந்தக் கணக்கைக் கேட்டு அதைரியப்பட வேண்டியதில்லை. அவர்களுடைய வீட்டு ஜலதாரையே ஒரு சிறு கிணறு. மேற்சொன்ன 275 லிட்டரில் குடிப்பதும் சமைப்பதும் போகக் குளித்தது, பாத்திரம் கழுவியது, துணி துவைத்தது என்று 200 லிட்டர் வெளியே போகுமானால், அது முக்கால் சென்ட் நிலத்தைச் சித்திரை முழுவதும் பச்சையாய் வைக்கப் போதும். அநேக வீடுகளில் இந்த ஜலம் தெருவில் தேங்கி நாறுகிறது. யானைக்கால் வியாதியைப் பரப்பும் கொசு இத்தகைய அழுக்கு நீரில்தான் பெருகுகிறது. தெருவில் நோய் வளர்க்கும் இந்த நீரைக் கொல்லைக்குத் திருப்பிவிட்டால், அது வாழைத்தார் வளர்க்கும்.

திருப்புவதில் சில ஜாக்கிரதைகள் வேண்டும். முதலாவது, நீர் கொல்லைக்குள் நுழையுமிடத்தில் ஒரு முழ ஆழக் குழி வெட்டி, அதில் சரளைக்கல்லும் தேங்காய் நாரும் நிரப்பினால், எண்ணெய்ப் பசையும் சோற்றுப் பருக்கையும் அங்கே தங்கிவிடும். வாரம் ஒருமுறை நாரை எடுத்து எருக்குழியில் போட்டுப் புதிது வைக்கலாம். அப்பால் வாய்க்காலை மூன்றாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு வாயாகத் திறந்துவிட வேண்டும். இரண்டு நாள் ஓய்ந்த மண் காற்று வாங்கி நாற்றமின்றி இருக்கும். நீர் தேங்காததால் கொசுவுக்கும் இடமிராது. சவுக்காரத்தூள் கரைத்துத் துணி துவைத்த நீரை மாத்திரம் ஒரே இடத்தில் தொடர்ந்து விடலாகாது. அதிலுள்ள காரம் களிமண்ணை இறுக்கிவிடும். மழைக்காலத்தில் நல்ல நீர் தாராளமாய்ப் பாய்ந்தால் அந்தக் காரம் கழுவிப்போகும். பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, வெங்காயத்தாள் முதலியவற்றை இந்த ஜலத்தில் வளர்ப்பது தகாது.

அங்கே வளர்க்கத் தக்கவை வாழையும் சேம்பும். இரண்டுக்கும் ஈரம் எவ்வளவு இருந்தாலும் ஆனந்தமே. பப்பாளியும் அருகில் நன்றாய் வரும். ஆனால் அடிமரத்தில் நீர் நின்றால் அழுகிவிடும் சுபாவமுடையதாதலால், வாய்க்காலுக்கு ஓர் அடி உயரமான மேட்டில் வைக்க வேண்டும். பப்பாளியில் ஆண்மரம் பெண்மரம் என்று பிரிவுள்ள வகைகளே கிராமங்களில் அதிகம். குழிக்கு மூன்று நாற்றாக நட்டு, பூத்தபின் பார்த்து, பெண்மரம் ஒன்றை நிறுத்தி மற்றவற்றைக் களைவதே சரியான முறை. ஆண்மரங்களை அடியோடு ஒழித்துவிடுவதும் பிசகு. பதினைந்து இருபது பெண்மரத்துக்கு ஓர் ஆண்மரம் வேண்டும். சிறு கொல்லைக்காரர் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மரத்தை வைத்துக்கொள்ளலாம்.

இனி, தண்ணீர் ஊற்றும் விதத்தைப் பற்றி. தினமும் மாலையில் எல்லாப் பாத்திக்கும் கொஞ்சங் கொஞ்சம் தெளிப்பது மனத்துக்குத் திருப்தியளிக்குமேயன்றிச் செடிக்கு உதவாது. மேல்மண் ஓர் அங்குலம் நனைந்து மறுநாள் உச்சிக்குள் உலர்ந்துவிடுகிறது. வேரும் அந்த ஓர் அங்குலத்துக்கே ஏறிவந்து வெயிலில் கருகுகிறது. தோட்டத்தை மூன்று பாகமாக்கி, நாளுக்கு ஒரு பாகமாக ஆழ நனையும்படி விடுவது நலம். நனைந்த மண்ணைச் சருகு, வைக்கோல், நிலக்கடலைத் தொலி, கரும்புச் சோகை, எது அகப்பட்டாலும் அதனால் நான்கு விரற்கடை மூட வேண்டும். மூடாத பாத்திக்கும் மூடிய பாத்திக்கும் உள்ள வித்தியாசத்தை விரலால் தோண்டிப் பார்த்தே அறியலாம். கறையான் வருமென்று சிலர் பயப்படுவதுண்டு. மூடாக்கு தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலகியிருந்தால் அவ்வளவு உபத்திரவம் இராது.

சுரை, பூசணி, பாகல் முதலிய கொடிகளுக்கு இன்னொரு யுக்தி உண்டு. குயவரிடம் வாங்கிய, மெருகிடாத, ஏழெட்டு லிட்டர் பிடிக்கும் மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, சுற்றிலும் நாலைந்து விதை ஊன்றி, பானையை நிரப்பி மூடியிட்டு வைப்பது. நீர் பானையின் சுவரில் கசிந்து வேருக்கு வேண்டியபோது வேண்டிய அளவே போகும். மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதுமானது. சீன தேசத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட விவசாய நூலிலேயே இம்முறை சொல்லப்பட்டிருக்கிறது. உப்பு நீராயின் பானையின் துவாரங்கள் விரைவில் அடைபடும் என்பது ஒரு குறை.

மண்ணில் மக்கு அதிகமானால் அது ஜலத்தைப் பிடித்துவைக்கும். ஆகவே எருக்குழியும் தண்ணீர்ச் சிக்கனத்தைச் சேர்ந்த காரியமே. 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்த ஆல்பர்ட் ஹோவர்ட் என்பார் வகுத்த முறையை அநேகர் கேள்விப்பட்டிருக்கலாம். அதைச் சிறு கொல்லைக்குச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவே: ஆறடி நீளம், நாலடி அகலம், மூன்றடி ஆழமுள்ள குழியில் செத்தை சருகு ஒரு சாண், சாணக்கரைசலும் மாட்டுமூத்திரம் ஊறிய மண்ணும் சாம்பலும் கலந்தது ஒரு படலம் என்று மாறிமாறி அடுக்கி, ஈரம் குன்றாமல் காத்து, மூன்று தடவை புரட்டினால், மூன்று மாதத்தில் நல்ல எரு தயாராகும். தெருவில் குவித்து வெயிலுக்கும் மழைக்கும் விடும் குப்பை இதற்குச் சமமாகாது.

இவ்வளவு செய்தும் கோடையில் நிற்காத பயிர்கள் நிற்காமலே போகலாம். அதற்காகத்தான் ஒவ்வொரு கொல்லையிலும் தண்ணீர் கேளாத சில மரஞ்செடிகள் இருக்க வேண்டும். கறிவேப்பிலை, சுண்டை, வேலியில் பிரண்டை ஆகிய இவற்றுக்குத் தனியே உபசாரம் ஒன்றும் வேண்டியதில்லை. இவை எல்லாவற்றிலும் மேலானது முருங்கை. பாத்தியில் பச்சை என்பதே இல்லாத சித்திரையில் காயும் இலையும் தருவது இதுவே.

குன்னூரில் இருந்த ஆகார ஆராய்ச்சிச் சாலையின் தலைவர் வாலஸ் அய்க்ராய்டு 1937-ல் இந்திய உணவுப் பொருள்களின் சத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அந்த ஆராய்ச்சிச் சாலை 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. குழந்தைகளுக்கு மாலைக்கண் வருவது வைட்டமின் 'ஏ' குறைவால் என்பதும், பசுமையான கீரைகளிலுள்ள கரோட்டின் உடலில் அந்தச் சத்தாக மாறுகிறது என்பதும் இப்பொழுது ஐயத்துக்கிடமின்றித் தெரிந்த விஷயங்கள். அந்திநேரத்தில் முற்றத்திலுள்ள பாத்திரத்தில் குழந்தை இடறி விழுந்தால், துடுக்கு என்று அடிக்காமல் கண்ணைக் கவனிக்க வேண்டும். நோய் கண்டபின் வைத்தியசாலைக்கே போக வேண்டும். அது வராமல் தடுப்பதற்கு வாரத்தில் மூன்று நாலு தினமாவது ஒரு பிடி கீரை குழந்தையின் சோற்றில் சேர வேண்டும். அதைச் சிறிது எண்ணெய் விட்டுத் தாளித்துக் கொடுத்தால்தான் அந்தச் சத்து உடலில் நன்றாய்ச் சேரும். ஆகவே கோடையில் கீரையில்லாமல் போவது நாக்கு ருசிக்கு மாத்திரம் வந்த குறைவு அன்று.

முருங்கையில் பழைய மரவகையைப் போத்து வெட்டி நடலாம். மணிக்கட்டுப் பருமனும் மூன்று நாலு அடி நீளமும் உள்ள போத்தை ஆனி ஆடியில் ஒரு முழ ஆழம் ஊன்றி, நுனி வெட்டில் சாணம் அப்பிவிட வேண்டும். தளிர்க்கும்வரை அதிக நீர் ஊற்றினால் அடி அழுகிப்போகும். முருங்கையைக் கெடுப்பவர்களில் பாதிப்பேர் பிரியத்தினாலேயே கெடுக்கின்றனர். செடிமுருங்கை என்பது வேறு. தூத்துக்குடி ஜில்லாவிலுள்ள எப்போதும்வென்றான் என்ற ஊரின் நாட்டு வகையிலிருந்து பொறுக்கியெடுத்து, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியார் 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.1 என்னும் ரகம் விதையால் வருவது. ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை விடும்; காய்ப்பு ஓய்ந்தபின் தரையிலிருந்து மூன்றடியில் வெட்டிவிட்டால் மறுதாம்பு காய்க்கும். விற்பனைக்கு இது மேல். ஆனால் இதற்கு மரமுருங்கையைவிட நீரும் எருவும் அதிகம் வேண்டியிருப்பதால், வறண்ட கொல்லைக்காரர் மரமுருங்கை ஒன்றை வைத்துக்கொண்டு, அதன்பின் செடிமுருங்கையைப் பற்றி யோசிப்பதே நலம். வீட்டருகே முருங்கை ஆகாது என்று பெரியோர் சொல்வதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். அதன் கிளை காற்றில் எளிதில் முறிவது. ஓட்டின்மேல் விழுந்தால் நஷ்டம். பத்தடி தள்ளி நட்டால் சாஸ்திரமும் ஓடும் இரண்டும் பிழைக்கும்.

வேலியின்றி இவையெல்லாம் வீண். ஆடு ஒரு நாழிகையில் தின்பது ஆள் ஒரு மாதத்தில் வளர்த்தது. முள் அடைப்பு ஆண்டுதோறும் செலவு. கிளுவைப் போத்தும் ஆடாதோடையும் கலந்து மழைக்காலத்தில் நெருங்க நட்டால் இரண்டு ஆண்டில் உயிர்வேலியாகும். ஆடாதோடையை ஆடு தொடாது. அதன் பெயரே சாட்சி.

சங்கம் செய்யத் தக்க காரியங்களும் உண்டு. ஐக்கிய நாணய சங்கங்களுக்கான சட்டம் 1904-ல் பிறந்தது. சென்னை ராஜதானியின் முதற் சங்கம் அதே ஆண்டில் திரூரில் ஏற்பட்டது. குடியானவரை அதிக வட்டிக் கடனிலிருந்து மீட்பதே அந்த இயக்கத்தின் மூலநோக்கம். இப்பொழுது கோடைக் காய்கறிக்காகக் கிணற்றை இன்னும் இருபதடி வெட்டவும், ஆழ்துளை போடவும் கடன் கேட்போர், முதலில் மேற்சொன்ன கயிற்றளவைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று சங்கம் ஒரு நியமம் வைத்துக்கொண்டால் தவறாகாது. ஒரே ஊற்றில் நிற்கும் கிணறுகளில் ஒன்றை ஆழப்படுத்தினால் அடுத்தது வற்றுகிறது. பிறகு அடுத்தவரும் கடன் கேட்டு வருகிறார். நீர் அதிகமாகவில்லை, கடன் இரட்டிக்கிறது. மூன்று சென்டுக்குச் சுருக்கினால் தீரும் தொல்லைக்காக இருபதடி பாறை உடைப்பது சிக்கனமன்று.

விதை விஷயத்திலும் ஒத்துழைப்பு மிகவும் பயன்படும். சுரை, பூசணி, பீர்க்கு, பாகல் முதலியவற்றின் மகரந்தத்தைத் தேனீயும் வண்டும் கொண்டுபோவதால், ஒரு தெருவில் இரண்டு வகைச் சுரை இருந்தால் விதை கலந்துபோகும். ஒரு தெருவில் ஒரு வகை என்று பங்கிட்டு, விதைக்கு விடும் காயை அந்தத் தெருவாரே காத்து, சங்கத்தில் ஒப்படைத்து மாற்றிக்கொள்ளலாம். முதற்காய்களில் நல்லதாய் ஒன்றிரண்டை, நோயற்ற கொடியில், நன்றாய் முற்றும்வரை விட வேண்டும். வெண்டையில் நரம்பு மஞ்சளித்த செடியைக் கண்டவுடன் பிடுங்கிவிட வேண்டும். அந்த நோய் வெள்ளை ஈயால் செடிக்குச் செடி பரவுவது. எடுத்த விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, வாய் இறுகிய சீசாவிலிட்டு, வகையும் தெருவும் மாதமும் எழுதிய சீட்டு ஒட்டிக் காரியதரிசியிடம் கொடுத்தால், ஆடி பிறக்கும்போது சந்தைக் கடைக்காரரிடம் இன்ன விதை என்று தெரியாத பொட்டலத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியிராது.

சங்கத்தில் கடன் பேரேட்டோடு கிணற்றுக் குறிப்பேடு ஒன்றும் வைக்கலாம். ஒவ்வொரு அங்கத்தினர் கிணற்றின் விட்டம், சித்திரைக் கடைசியில் இரவில் ஏறிய அங்குலம், அவ்வாண்டு கோடையில் வைத்த சென்ட் என்னும் மூன்று பத்தியே போதும். எழுதத் தெரிந்த பள்ளிப்பிள்ளைகள் கயிறும் கல்லும் கொண்டு இரண்டு விடியற்காலையில் ஊர் முழுவதையும் அளந்துவிடுவார்கள். கிணற்றடிக்குப் பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும்.